மறந்துபோன அடுப்பு தானாக அணைய: என்ன வாங்கலாம், எதை நம்பக்கூடாது

அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், வயது 74. போன ஆடியில் ஒரு நாள் விடிகாலையில் பாலை சிம்மில் வைத்துவிட்டுக் கோலம் போட வாசலுக்குப் போனவர், எதிர்வீட்டு மாமியோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பால் இல்லை. பாத்திரத்தின் அடியில் கரி, எவர்சில்வர் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது, கைப்பிடி கருகி வீடு முழுக்க நாற்றம். ஒரு முழம் தள்ளி எண்ணெய்த் தூக்கு. “ஒண்ணும் ஆகலடா, பாத்திரம்தான் போச்சு” என்று போனில் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரமே ஊருக்குப் போய் கடை கடையாக ஏறி இறங்கினேன். அப்போது கற்றுக்கொண்டதையும், காசு கொடுத்து ஏமாந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பெற்றோர் தனியாக இருப்பவர்களுக்கும், கடாயை அடுப்பில் வைத்துவிட்டு போனை எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் (நானும் அதில் ஒருவன்) உதவும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா அதே பாலைப் பெரிய தீயில் வைத்திருந்தால் அது பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருக்கும். தீ இல்லாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கும். சிம்மில் வைத்ததால் பொங்கவில்லை, வற்றிப் பாத்திரம் காய்ந்தது. ஒரே பால்தான், ஆனால் இரண்டு வேறு ஆபத்து: அணையக்கூடாதபோது அணையும் தீ, அணைய வேண்டியபோது அணையாத தீ. கடையில் ‘சேஃப்டி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பொருள்களில் முக்கால்வாசி முதலாவதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஆள் நகர்ந்துபோவதுதான் சமையலறைத் தீக்கு முதல் காரணம் என்று அமெரிக்காவின் தீத்தடுப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ. தொடர்ந்து சொல்லி வருகிறது. அது இரண்டாவது வகை. அதனால் எதை எடுத்துக் காட்டினாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “தீ எரிஞ்சுக்கிட்டே இருந்தா இது என்ன பண்ணும்?”

இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் ‘ஆட்டோ’ என்ற வார்த்தையில் ஒளிந்துகொள்வார்கள். ஆட்டோ இக்னிஷன் அடுப்பு என்றால் லைட்டர் இல்லாமல் பற்றும், அவ்வளவுதான். தானாக அணையாது. இந்த ஒரு சொல்லை நம்பி நானே முதல் நாள் ஒரு அடுப்புக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்து பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் பட்ட பாடு தனிக்கதை.

பொங்கி அணையும் தீக்கு: எஃப்.எஃப்.டி (ஃபிளேம் ஃபெயிலியர் டிவைஸ், தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு)

இதுதான் கேஸ் அடுப்பில் இன்று எளிதாகக் கிடைக்கும் நல்ல சமாச்சாரம். பர்னர் ஓரத்தில் இரண்டு சின்னக் குச்சிகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் போர்த்திய குச்சி பொறி விடுவதற்கு. மற்றது வெறும் உலோகக் குச்சி, தெர்மோகப்பிள். தீயில் அது சூடாகும்போது அதில் ஒரு துளி மின்சாரம் உண்டாகிறது, சில மில்லிவோல்ட்தான், ஆனால் நாபுக்குள் இருக்கும் காந்த வால்வைத் திறந்தபடி பிடித்துவைக்க அது போதும். தீ அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும். பேட்டரியோ கரண்டோ எதுவும் வேண்டாம். பற்றவைக்கும்போது நாபை அழுத்தியபடி சில வினாடி பிடித்திருக்க வேண்டும், குச்சி சூடேற அந்த நேரம். அம்மாவுக்கு இந்தப் பழக்கம் வர ஒரு வாரம் ஆனது. முதல் இரண்டு நாள் “அடுப்பு ரிப்பேர்” என்று தினமும் போன்.

வாங்கும்போது எல்லா பர்னருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றுக்கு மட்டும் வைத்து விற்பதும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4246 என்ற எண்ணும் இருக்க வேண்டும், எல்.பி.ஜி. அடுப்புக்கான எண் அது.

வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பர்னரை ஏற்றி ஒன்றிரண்டு நிமிடம் எரியவிடுங்கள். பிறகு நாபைத் தொடாமல் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபில் இருக்கும் கேஸ் தீர்ந்து தீ அணையும். காதைக் கிட்டே வைத்தால், ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்துக்குள் நாப் பக்கத்திலிருந்து மெதுவாக ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். வால்வு மூடிக்கொண்ட சத்தம். அதற்கப்புறம் நாபையும் மூடிவிட்டுத்தான் ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும், இந்த வரிசை மாறக்கூடாது. சத்தமே வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் ஊரில் இந்தக் குச்சிக்கு எமன், வழிந்து காய்ந்த சாம்பாரும் பால் ஆடையும்தான். அழுக்கேறினால் சூடு சரியாக ஏறாது, கையை எடுத்ததும் அடுப்பு அணைந்துவிடும். ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரிப்பேருக்கு வந்த ஒருவர் எங்கள் வீட்டில் “சார், இதைத் தூக்கிட்டு நேரா குடுத்துடறேன், தொல்லையே இருக்காது” என்றார். தொல்லைக்குப் பேர்தான் பாதுகாப்பு என்று சொல்லி அனுப்பிவைத்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்.

ஆனால் சிம்மில் வற்றிய பாலுக்கு எஃப்.எஃப்.டி ஒன்றும் செய்யாது. தீ எரிகிறதா, சரி, எனக்குச் சந்தோஷம் என்று நின்றுகொண்டிருக்கும். பாத்திரம் பழுக்கக் காய்ந்தாலும் அதற்குத் தெரியாது.

அணையாத தீக்கு: டைமர், சூட்டு சென்சார்

எண்ணெய் எப்படிப் பற்றுகிறது என்று தெரிந்தால் எதற்காக இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். வடை பொரிக்கும் சூடு 170 முதல் 190 டிகிரி வரை. அதைத் தாண்டி ஏறினால் புகையும்; எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் 200-லிருந்து 230-க்குள் புகை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். 360, 370 டிகிரிப் பக்கம் போனால் நெருப்பே படாமல் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். கேஸ் தீ இதையெல்லாம்விடப் பல மடங்கு சூடு. வடைச்சட்டியைப் பெரிய தீயில் விட்டுவிட்டு ஒரு போன் பேசி முடிப்பதற்குள் புகையிலிருந்து தீ வரை போய்விடலாம்.

இதை ஜப்பான்காரர்கள் நேராகப் பிடித்தார்கள். அங்கே 2008 அக்டோபரிலிருந்து விற்கும் வீட்டு கேஸ் அடுப்புகளில் (ஒற்றை பர்னர் சிற்றடுப்பு போன்றவை நீங்கலாக) ஒவ்வொரு பர்னருக்கும் சூட்டு சென்சார் கட்டாயம். பர்னர் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னப் பொத்தான் நிமிர்ந்து நிற்கும், பாத்திரத்தை வைத்ததும் அமுங்கி அதன் அடியில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் சுமார் 250 டிகிரி ஆனால் தீயைக் குறைக்கும், இல்லையென்றால் அணைத்துவிடும். பால் வற்றினாலும் எண்ணெய் காய்ந்தாலும் ஒரே பதில். அமெரிக்காவில் செக்கச்செவேல் என்று பழுக்கும் மின்சாரக் காயில் அடுப்புகளுக்கும் இதே யோசனை வந்துவிட்டது, புதிய காயில்களின் நடுவில் சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உண்டு. அங்கே வாடகை வீட்டில் பழைய காயில் அடுப்போடு இருப்பவர்கள் அந்த மாதிரி காயிலைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் கொதிக்க நேரமாகிறது என்று புலம்புவார்கள், புலம்பட்டும்.

நம் ஊர்க் கடைகளில் நடுவில் பொத்தான் வைத்த கேஸ் அடுப்பு அரிது. கிடைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, குழிந்த இரும்புச் சட்டியும் மண்சட்டியும் அதற்கு ஒத்துவராது. மண்சட்டியின் அடி சூடு தெரிவதற்குள் மேலே எண்ணெய் எங்கோ போயிருக்கும். தட்டையான அடி உள்ள மெல்லிய பாத்திரத்துக்குத்தான் அது சரியாக வேலை செய்யும்.

நமக்குக் கைக்கு எட்டுவது டைமர். மேடையில் பதிக்கும் ஹாப் வகையில் டைமர் வைத்தவை வருகின்றன; நிமிடத்தைக் குறித்துவிட்டால் நேரம் வந்ததும் அதுவே கேஸை நிறுத்தும். சூட்டைப் பார்க்காது, கடிகாரத்தை மட்டும் பார்க்கும். ஆனால் கூட்டு வைத்துவிட்டுத் தூங்கிப்போகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பொருள் இல்லை. ஒரு எச்சரிக்கை, டைமரை நாமாகப் போட்டால்தான் ஓடும் மாடல்கள் உண்டு, அப்படியென்றால் மறதிக்காரர் டைமரையும் மறப்பார். பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்றும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ரெகுலேட்டருக்கும் டியூபுக்கும் நடுவில் மாட்டும் ‘கேஸ் சேஃப்டி’ கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், முகப்பில் ஒரு மீட்டர் முள்ளோடு வருமே அது. டியூப் அறுந்து கேஸ் ஒரேயடியாகப் பாய்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் வேலை. பொட்டுப் பொட்டாகக் கசிவதை அது தடுக்காது, பால் வற்றுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேலும், இடையில் மாட்டும் ஒவ்வொரு இணைப்பும் கசிவதற்கு இன்னொரு இடம். கேஸ் ஏஜென்சியில் கேட்காமல் எதையும் நடுவில் மாட்டாதீர்கள்.

மறதிக்கு இண்டக்‌ஷன்

கடைசியில் அம்மா வீட்டில் நான் செய்தது இதுதான். பால், டீ, வெந்நீர் இந்த மூன்றையும் கேஸிலிருந்து இண்டக்‌ஷனுக்கு மாற்றினேன். குழம்பும் தாளிப்பும் பழையபடி கேஸில். குழம்பு வைக்கும்போது ஆள் அங்கேயே நிற்பார்கள், பாலை வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போவார்கள்.

இண்டக்‌ஷனில் தீ கிடையாது, சூடாவது பாத்திரம்தான். கண்ணாடிக்கு அடியில் ஒரு சென்சார் பாத்திரத்தின் அடிச்சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எல்லை தாண்டினால் நிறுத்தும். பாத்திரத்தை எடுத்தால் நிற்கும், டைமர் பெரும்பாலானவற்றில் உண்டு, கரண்ட் போய் வந்தால் பெரும்பாலானவை அணைந்த நிலையிலேயே இருக்கும். (பழைய ஹாட் பிளேட்டில் இது நேர்மாறு: கரண்ட் வந்ததும் யாரும் இல்லாத வீட்டில் அது பாட்டுக்குப் பழுக்க ஆரம்பிக்கும். வீட்டில் ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுங்கள்.)

அதற்காக இண்டக்‌ஷனில் எண்ணெய் பற்றவே பற்றாது என்று நினைத்துவிடக்கூடாது. 2000 வாட்டில் வைத்து இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தாளித்துப் பாருங்கள், கடுகைக் கையில் எடுப்பதற்குள் புகைந்துவிடும். அடி மேல்நோக்கி வளைந்த பாத்திரமாக இருந்தால் நடுவில் காற்று நின்றுவிடும், சென்சார் பார்க்கும் சூடு ஒன்று, எண்ணெயின் சூடு இன்னொன்று. எனவே தட்டையான, கனமான அடி. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், கெட்டியாக ஒட்டினால் இண்டக்‌ஷனுக்கு ஆகும். தாளிப்பதற்கு வாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம் பிளக். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் பாயின்டில் அதைச் சொருகி, அதுவும் ஒரு கன்வர்ஷன் பிளக் வைத்து, பத்தாததற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜோடு சேர்த்து ஓட்டினால் அடுப்பில் வராத தீ சுவரில் வரும். எங்கள் வீட்டில் முதல் மாதமே பிளக் மஞ்சளாகி ஒரு காலின் ஓரம் இளகியிருந்தது, அம்மா “மீன் நாத்தம் மாதிரி வருதுடா, நம்ம வீட்ல ஏது மீனு” என்றபோதுதான் பார்த்தேன். சூடேறும் பிளாஸ்டிக்கின் வாடை அப்படித்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்பியர் பாயின்ட், தனி ஒயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்துவிடும் ஸ்விட்ச்) போடுங்கள். அடுப்பு விலையைவிட இது அதிகமானாலும் போடுங்கள்.

இண்டக்‌ஷனே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பெரியவர்களுக்குப் பழைய பால் குக்கர் இருக்கிறதே, சுவர் இரண்டாக, நடுவில் தண்ணீர் ஊற்றி விசில் போட்டு வைப்பது. பால் பொங்காது, விசில் கத்திக் கூப்பிடும். தண்ணீர் இருக்கும்வரைதான், அதை மட்டும் மறக்கக்கூடாது.

மூக்குக்குப் பதில் அலாரம்

கேஸில் வரும் நாற்றம் வேண்டுமென்றே கலப்பது, எத்தில் மெர்காப்டன். வயதானால் மோப்பம் குறையும், சளி பிடித்தால் எல்லோருக்குமே குறையும். அதனால் கசிவு அலாரம் ஒன்று வைத்தேன். மாட்ட வந்தவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் மாட்டப் பார்த்தார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படரும், எனவே அலாரம் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, அந்த வீடுகளில் அலாரம் கூரையை ஒட்டி. இடம் மாறினால் அலாரம் இருந்தும் பிரயோஜனமில்லை. கரப்பான் ஸ்பிரே அடித்தால்கூட சில அலாரம் கத்தும், அதற்காகக் கழற்றிவைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெட்டியில் போட்டிருக்கும் வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். கத்துவதோடு நிற்காமல் வால்வையும் மூடும் வகை இருந்தால் அதுவே மேல்.

கத்தினால் ஸ்விட்ச் எதையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, வெளியே வா, 1906-க்குப் போன் செய். அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பது இதுதான்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. டியூப் ஆரஞ்சு நிற, உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா வகை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரமான மேடையில். சிம்னி இருந்தால் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள், விரலில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டினால் அது அடுப்புக்கு நேர் மேலே தொங்கும் திரி, எழுந்து கழுவுங்கள்.

இவ்வளவும் செய்தும் எண்ணெய் பற்றிவிட்டால்? தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், எரியும் எண்ணெயை அப்படியே மேலே தூக்கி வீசும். சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கும் ஓடக்கூடாது, நிறையப் பேர் கையையும் காலையும் சுட்டுக்கொள்வது அப்படித்தான். நாபை மூடுங்கள், கை எட்டவில்லை என்றால் ரெகுலேட்டரை. சட்டியைவிடப் பெரிய தட்டையோ மூடியையோ உங்கள் பக்கத்திலிருந்து கேடயம் மாதிரி நகர்த்தி மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். பாதியில் எட்டிப் பார்த்தால் காற்று பட்டு மறுபடி பற்றும். மாவைத் தூவக்கூடாது, மாவும் எரியும். தீயணைப்பான் வாங்குவதாக இருந்தால் சமையல் எண்ணெய்க்கென்றே எஃப் அல்லது கே வகுப்பு என்று போட்டதாகப் பாருங்கள். அதையும் தீப்போர்வையையும் அடுப்புக்கு மேலே மாட்டாமல் சமையலறை வாசல் பக்கம் மாட்டுங்கள், தீ எரியும்போது அதற்குள் கைவிட்டு எடுக்க முடியாது. மீறிப் போனால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 101.

அம்மா வீட்டில் இப்போது தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் டியூப் மாற்றிய தேதி, அலாரம் வாங்கிய வருஷம் இரண்டும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. இண்டக்‌ஷனில் பாலுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக் கொடுத்தேன். போன வாரம் போன் செய்தார்: “பேசிட்டு வந்து பாக்கறேன், அது நின்னு போய் பால் ஆறிக் கெடக்கு. திரும்பச் சூடு பண்ண வேண்டியிருக்கு, இதுக்கு ஏதாவது வழி இருக்காடா?”